தென்னாப்பிரிக்காவில் வாடகைக்கு விட முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ வேலை நிலைத்து, கையில் கொஞ்சம் சேமிப்பும் சேர்ந்ததும் காதில் விழும் முதல் யோசனை இதுதான்: "ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடு, வாடகையே பாண்டைக் கட்டிவிடும்." இங்கே பாண்ட் என்றால் வீட்டுக் கடன். யோசனை சொல்பவர்கள் விலையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். ஆனால் சிறு முதலீட்டாளர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் விலையில் அல்ல. வீடு யார் பெயரில் இருக்கிறது, உள்ளே யார் குடியிருக்கிறார்கள், வாடகை வராத மாதங்களை எத்தனை நாள் தாங்க முடியும் என்ற கேள்விகளைக் கையெழுத்துப் போட்ட பிறகு கேட்பதில்தான் விடுகிறார்கள். இந்த நாட்டில் அந்தக் கையெழுத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். ஆகவே வேலையில் பெரும்பங்கை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முதலில் கணக்கு

கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். டர்பன் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட், விலை 8,00,000 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். 10 விழுக்காடு முன்பணம் போட்டால் பாண்ட் 7,20,000. வட்டி பிரைம் விகிதத்தையொட்டி ஏறி இறங்கும். பிரைம் என்பது ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு 3.5 சேர்த்தது. 2025 நவம்பரில் அது 10.25 விழுக்காட்டுக்கு வந்தது. அந்த வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 7,070 ராண்ட்.

வாடகை 8,500 வருகிறது என்று கொள்வோம். லெவி (கட்டடப் பராமரிப்புக்கு மாதம் கட்டும் தொகை) 1,650, நகராட்சி ரேட்ஸ் (சொத்து வரி) 750. தவணையையும் கழித்தால் மாதம் 970 ராண்ட் அளவுக்குக் கையிலிருந்து போகிறது. இத்தனைக்கும் இது எல்லா மாதமும் ஆள் இருந்து, எதுவும் உடையாமல் இருந்தால் வரும் கணக்கு. ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று மாதத்துக்கு 708, கீசர், குழாய், பெயின்ட் போன்றவற்றுக்கு வாடகையில் 5 விழுக்காடு, அதாவது 425, ஒதுக்கினால் குறை 2,100 ராண்டாகிவிடும். வட்டி ஒரு புள்ளி ஏறினால் தவணை இன்னும் 490 ராண்ட் அளவு கூடும்.

இதே ஃபிளாட்டுக்கு 40 விழுக்காடு முன்பணம் போட்டால் தவணை 4,712-க்கு இறங்கி, காலி மாதத்துக்கும் பழுதுக்கும் ஒதுக்கியது போக மாதம் 255 ராண்ட் மிஞ்சும். அதிலும் வருமான வரி இருக்கிறது. தவணையில் வட்டிப் பங்கை மட்டுமே செலவாகக் கழிக்கலாம், அசலைக் கழிக்க முடியாது. முதல் மாத வட்டி 4,100 என்பதால் வரிக்குரிய லாபம் சுமார் 867 ராண்ட். நீங்கள் 31 விழுக்காடு வரிப்படியில் இருந்தால் 269 ராண்ட் வரி. மிஞ்சிய 255-ம் போயிற்று. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது இதுதான். இதனால் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அசல் குறைகிறது, வாடகை ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறும், பத்து ஆண்டில் நிலைமை மாறும். ஆனால் "வாடகையே கட்டிவிடும்" என்ற நம்பிக்கையில் மட்டும் இறங்காதீர்கள். குறைந்தது ஆறு மாதத் தவணை, லெவி, ரேட்ஸுக்குரிய பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஆறு மாதம் ஏன் என்பது குடியிருப்பவரை வெளியேற்றும் பகுதியில் தெரியும்.

வாங்கும் செலவும் தனி. டிரான்ஸ்பர் டூட்டி, அதாவது பெயர் மாற்றத்துக்கு அரசுக்குக் கட்டும் வரி, 2025 ஏப்ரல் 1 முதலான அட்டவணைப்படி 12,10,000 ராண்ட் வரை இல்லை. அதற்கு மேல் 16,63,800 வரை உள்ள பகுதிக்கு 3 விழுக்காடு, பிறகு 6, 8 என்று ஏறும். 15 லட்சம் ராண்ட் வீட்டுக்கு 8,700 ராண்ட். அட்டவணையைப் பட்ஜெட்டில் மாற்றுவார்கள், வாங்கும் நாளில் நடப்பிலுள்ளதைப் பாருங்கள். டூட்டி இல்லாவிட்டாலும் வக்கீல் செலவு உண்டு. பெயர் மாற்ற ஒரு வக்கீல், பாண்டைப் பதிய இன்னொரு வக்கீல். இரண்டு கட்டணமும் வாங்குபவர் தலையில்தான். 8 லட்சம் ராண்ட் ஃபிளாட்டுக்கு இரண்டும் சேர்ந்து 50,000 ராண்டைத் தாண்டிவிடும். இதற்கு வங்கி பொதுவாகக் கடன் தராது, ரொக்கமாக வேண்டும். புதிதாகக் கட்டுபவரிடமிருந்து வாங்கினால் டூட்டிக்குப் பதில் 15 விழுக்காடு வாட் விலையிலேயே அடங்கியிருக்கும். வீடு என்எச்பிஆர்சியில் (புதிய வீடுகளையும் கட்டுபவர்களையும் பதியும் அமைப்பு) பதிவானதா என்று அப்போது கேளுங்கள். கட்டமைப்புக் குறைக்கு ஐந்து ஆண்டு, கூரை ஒழுகலுக்கு ஓராண்டு உத்தரவாதம் அந்தப் பதிவோடுதான் வருகிறது.

யார் பெயரில், யார் கையெழுத்து

வெளிநாட்டில் திருமணம் ஆனவர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும். இந்தியாவிலோ இலங்கையிலோ அங்குள்ள சட்டப்படி திருமணம் ஆகியிருந்தால், இங்கே பத்திரத்தில் "வேறு நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்ட திருமணம்" என்று எழுதுவார்கள். 1937-ஆம் ஆண்டின் பத்திரப் பதிவுச் சட்டப்படி, அப்படிப்பட்டவர் பாண்ட் பதியும்போதும் பின்னால் விற்கும்போதும் கணவரோ மனைவியோ சேர்ந்து கையெழுத்திட வேண்டும். மனைவி ஊரில் இருக்கிறார் என்றால் அங்கிருந்து பவர் பத்திரம், அதை இங்கே செல்லுபடியாக்கும் அரசுச் சான்று (இந்தியா என்றால் அப்போஸ்டில் முத்திரை), கூரியர் என்று வாரக்கணக்கில் இழுக்கும். கடைசி நேரத்தில் வக்கீல் அலுவலகம் கேட்டுப் பதறுவதைவிட, முதல் நாளே திருமணச் சான்றிதழைக் கொடுத்து என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் கோயிலில் மட்டும் தாலி கட்டி, பதிவு செய்யாமல் இருப்பவர்கள் உண்டு. அரசு அங்கீகரித்த திருமண அதிகாரி நடத்திப் பதியாவிட்டால், பத்திரப் பதிவகத்தின் கண்ணில் இருவரும் திருமணமாகாதவர்களே. வீடு ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினால், மற்றவருக்குப் பத்திரத்தின் வழியாக எந்தப் பிடியும் இல்லை. பதிவுத் திருமணம் ஆனவர்கள் முன்கூட்டி ஒப்பந்தம் எழுதாவிட்டால் சொத்து இருவருக்கும் பொது என்பதே இங்குள்ள பொதுவிதி. விற்கவும் அடமானம் வைக்கவும் துணையின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். நீங்கள் வாங்கும் வீட்டை விற்பவருக்கும் இதே விதிதான். கணவர் மட்டும் போட்ட கையெழுத்தை நம்பி வாங்கிப் பிறகு இழுபடாதீர்கள்.

அண்ணன் தம்பி, மச்சான் சேர்ந்து வாங்குவது நம்மிடையே சகஜம். பாண்டில் இருவர் பெயர் இருந்தால் வங்கி முழுக் கடனையும் எவரிடமும் கேட்கலாம், "என் பாதியைக் கட்டிவிட்டேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஒருவருக்கு வேலை போனால் யார் கட்டுவது, ஒருவர் விலக நினைத்தால் விலையை யார் மதிப்பிடுவது, எத்தனை மாதத்தில் பணம் கொடுப்பது என்று இரண்டு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். எழுதாவிட்டால், கூட்டுரிமையை முடித்து வீட்டை விற்கும்படி எந்தப் பங்காளியும் நீதிமன்றம் போகலாம். உறவு நன்றாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

கம்பெனி, டிரஸ்ட் பெயரில் வாங்கச் சொல்லும் ஆலோசகர்கள் கிடைப்பார்கள். ஒரே ஒரு வீட்டுக்கு அது பெரும்பாலும் செலவுதான். டிரஸ்டில் தங்கும் வருமானத்துக்கு வரி 45 விழுக்காடு, கம்பெனிக்கு 27. வங்கி எப்படியும் உங்கள் சொந்த ஜாமீனைக் கேட்கும்.

நிரந்தரக் குடியுரிமை இல்லாதவர்கள் வங்கியிடம் முதலிலேயே தங்கள் நிலையைச் சொல்லுங்கள். வெளிநாட்டுவாசி என்று வகைப்படுத்தப்பட்டால் உள்நாட்டுக் கடன் பொதுவாக விலையில் பாதிக்கு மேல் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து பணம் கொண்டுவந்தால் வங்கி தரும் அந்நியச் செலாவணி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பத்திரத்தில் வெளிநாட்டுவாசி என்ற குறிப்பையும் ஏற்றச் சொல்லுங்கள். பின்னால் விற்ற பணத்தை வெளியே அனுப்ப இவைதான் ஆதாரம். சீட்டுப் பணம், ஸ்டாக்வெல் (இங்குள்ள சீட்டுக் குழு) பணம் முன்பணமாகப் போகிறது என்றால் எங்கிருந்து வந்தது என்று வக்கீலும் வங்கியும் கேட்பார்கள். கறுப்புப் பணத்தைத் தடுக்கும் ஃபைக்கா சட்டப்படி அவர்கள் கேட்டே ஆக வேண்டும். ரொக்கமாகக் கைமாற்றாமல் கணக்கு வழியாக வாங்குங்கள்.

வீட்டை எப்படிப் பார்ப்பது

ஃபிளாட் என்றால் சுவரைவிட பாடி கார்ப்பரேட்டின் (கட்டடத்தின் உரிமையாளர் சங்கம்) கணக்கைப் பாருங்கள். விற்பவரிடமோ நிர்வாக ஏஜென்டிடமோ கேட்க வேண்டியவை: கடைசி இரண்டு ஆண்டுத் தணிக்கைக் கணக்கு, ஆண்டுக் கூட்டக் குறிப்பு, பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம், ரிசர்வ் நிதியின் இருப்பு, லெவி பாக்கிப் பட்டியல், நடத்தை விதிகள். 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ரிசர்வ் நிதியும் பராமரிப்புத் திட்டமும் கட்டாயம். ரிசர்வ் நிதி முந்தைய ஆண்டு லெவி வசூலில் 25 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், நடப்பு ஆண்டு நிர்வாக லெவியில் குறைந்தது 15 விழுக்காட்டை அதில் சேர்க்க வேண்டும். லெவி மலிவாக இருக்கிறதே என்று மகிழ்வதற்கு முன், அந்த மலிவு ரிசர்வ் நிதியைப் பட்டினி போட்டு வந்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் சிறப்பு லெவி (பெரிய செலவுக்குத் தனியாகக் கேட்கும் தொகை) வருவது உறுதி. பாடி கார்ப்பரேட்டின் டிரஸ்டிகள் அதற்குத் தீர்மானம் போட்ட பிறகு வீடு கைமாறினால், மாறிய நாளிலிருந்து உள்ள பங்கு உங்கள் தலையில் விழும். விற்பவர் முழுதும் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

டர்பன் கடற்கரையோரக் கட்டடம் என்றால் கீழே நின்று பால்கனிகளின் அடிப்பக்க ஓரத்தை அண்ணாந்து பாருங்கள். பழுப்புக் கோடு ஓடுகிறதா, அதையொட்டி மெல்லிய விரிசல் இருக்கிறதா? உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே பெயின்ட் அடித்தால் ஆறு மாதம் மறையும், நிற்காது. இதைச் சரிசெய்ய முழுக் கட்டடத்துக்கும் சாரம் கட்ட வேண்டும், அந்தச் செலவு சிறப்பு லெவியாகத்தான் வரும். கூட்டக் குறிப்புகளில் "நீர்க்கசிவு", "லிஃப்ட்", "கான்கிரீட்" என்ற சொற்கள் ஆண்டுதோறும் வந்து முடிவு எதுவும் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கட்டடத்தை விட்டுவிடலாம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெர்பேங்க் பக்கம் பழைய வீடுகள் என்றால் கதை வேறு. இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழு வாழிடச் சட்டத்தால் ஊரைவிட்டுப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்காக டர்பன் நகராட்சி 1960களில் கட்டத் தொடங்கியது சாட்ஸ்வொர்த். அறுபது ஆண்டில் வீடு தாத்தா, அப்பா, பேரன் என்று கைமாறியிருக்கும், பத்திரம் மட்டும் தாத்தா பெயரிலேயே நிற்கும். "எல்லாரும் சம்மதிச்சிட்டோம், நான்தான் மூத்தவன், நான் கையெழுத்துப் போடறேன்" என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கே நிறுத்துங்கள். இறந்தவர் சொத்தை விற்கும் அதிகாரம் மாஸ்டர் அலுவலகம் (இறந்தவர் சொத்துகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம்) நியமித்த எக்ஸிக்யூட்டருக்கு, அதாவது சொத்தைப் பைசல் செய்பவருக்கு, மட்டுமே; மொத்தச் சொத்து 2,50,000 ராண்டுக்குள் என்றால் அதிகாரக் கடிதம் பெற்றவருக்கு. நியமனக் கடிதத்துக்கு முன்னால் வாரிசுகள் போட்ட விற்பனைக் கையெழுத்தை வைத்து எதையும் பதிய முடியாது. கடிதம் கிடைத்த பிறகும், எக்ஸிக்யூட்டர் விற்பதற்கு ஆட்சேபனை இல்லை என்று மாஸ்டர் தரும் 42(2) சான்று வேண்டும். ஒரு வாரிசு வெளிநாட்டில் இருந்து, ஒருவர் பேசாமல் இருந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அந்த நேரத்தில் நீங்கள் முன்பணம் கொடுத்துக் கூரையும் மாற்றியிருந்தால் அந்தப் பணத்தைத் தேடி அலைய வேண்டியதுதான். பத்திரத் தேடலுக்கு டீட்ஸ்வெப் என்ற பதிவக இணையதளம் இருக்கிறது. டர்பன் அடங்கிய குவாசுலு-நட்டாலுக்குப் பதிவகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். சிறு கட்டணத்தில் உரிமையாளர் பெயர், நிற்கும் பாண்ட், நீதிமன்றத் தடை எல்லாம் தெரிந்துவிடும். வீட்டைப் போய்ப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யலாம்.

அதே வீடுகளில் பின்பக்கம் கட்டிய அவுட்பில்டிங் ஒன்றிரண்டு இருக்கும். "முன்னால ஒரு வாடகை, பின்னால ரெண்டு வாடகை" என்பதுதான் விளம்பரமே. ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள். 1977-ஆம் ஆண்டுக் கட்டட விதிச் சட்டப்படி நகராட்சி ஒப்புதல் இல்லாமல் கட்டுவது குற்றம். ஒப்புதல் இல்லாத பகுதியை வங்கி மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்க மாட்டார், தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் புகார் செய்தால் இடிக்கச் சொல்லி நோட்டீஸும் வரலாம். ஒப்புதல் இல்லாத அறைகளின் வாடகையைச் சேர்க்காமல் விலையைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் கட்டுபடியானால் மட்டும் வாங்குங்கள். அந்த அறைகளுக்கு மின்சாரம் பெரும்பாலும் பெரிய வீட்டிலிருந்து இழுத்த ஒற்றை வயரில் வரும். மின் சான்றிதழ் அவற்றையும் உள்ளடக்கியதா என்று சான்றிதழின் பின்பக்கத் தாள்களில் பாருங்கள். பெயர் மாற்றத்துக்கான மின் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதற்குப் பிறகு வயரிங்கை மாற்றியிருந்தால் கூடுதல் சான்று வேண்டும். குவாசுலு-நட்டால் கரையோரம் மர வண்டுச் சான்றிதழ் கேட்பதும் வழக்கம். அது சட்டமல்ல, வழக்கமே. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதினால்தான் விற்பவர் தருவார்.

ஷெரிஃப் (நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அதிகாரி) நடத்தும் ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும் வீடுகளை முதல் முறை வாங்குபவர் தவிர்ப்பது நல்லது. உள்ளே பார்க்க முடியாது, உள்ளிருப்பவரை வெளியேற்றும் வேலையும் உங்களுடையது.

ஆஃபர் பத்திரம்

இங்கே வாய்ப்பேச்சில் நிலம் விற்க முடியாது. 1981-ஆம் ஆண்டின் நில விற்பனைச் சட்டப்படி எழுத்தும் இரு தரப்புக் கையெழுத்தும் வேண்டும். மறுபக்கம், நீங்கள் கையெழுத்திட்ட ஆஃபரில் விற்பவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே முழு ஒப்பந்தம். மனம் மாற ஐந்து நாள் அவகாசம் 2,50,000 ராண்டுக்குள் வாங்கும் வீடுகளுக்குத்தான். ஆகவே "சும்மா ஆர்வத்தைக் காட்ட ஒரு ஆஃபர் போடுங்க" என்று ஏஜென்ட் சொன்னால் போடாதீர்கள்.

பாண்ட் கிடைத்தால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனையில் தொகை, கடைசித் தேதி இரண்டும் இருக்க வேண்டும். தொகை எழுதாவிட்டால் வங்கி கேட்டதைவிடக் குறைவாகத் தந்தாலும் நிபந்தனை நிறைவேறிவிட்டதாக வாதம் வரும். தேதி தாண்டினால் ஒப்பந்தம் தானாகவே காலாவதியாகும், நீட்டிப்பைத் தேதிக்கு முன்னால் எழுத்தில் வாங்க வேண்டும். ஏஜென்டிடம் தொழில் செய்ய அனுமதிக்கும், செல்லுபடியாகும் ஃபிடெலிட்டி சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாத ஏஜென்டுக்குக் கமிஷன் வாங்கும் உரிமையே இல்லை. 2022 பிப்ரவரியிலிருந்து விற்பவர் குறை அறிக்கை கொடுத்தாக வேண்டும். ஏஜென்ட் அதை வாங்காமல் வீட்டை ஏற்கவே கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் விற்பவர் டிக் போட்டிருக்கிறாரா, காலியாக விட்டிருக்கிறாரா பாருங்கள். ஒப்பந்தத்தில் "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று ஒரு வரி இருக்கும்: உள்ளபடியே வாங்குகிறேன் என்று பொருள். விற்பவர் தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் தவிர, பின்னால் தெரியும் குறை உங்களுடையது. கூலி கொடுத்து ஒரு பிளம்பரை அழைத்துப் போய்க் கூரையையும் கீசரையும் காட்டுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே வாடகைக்கு ஆள் இருந்தால் அவருடைய லீஸ் உங்களையும் கட்டும். விற்பனை அதை முறிக்காது. லீஸ் நகல், மூன்று மாத வங்கி வரவு, டெபாசிட்டை உங்களுக்கு மாற்றித் தரும் உறுதி ஆகிய மூன்றையும் ஆஃபரிலேயே கேளுங்கள். டெபாசிட் விற்பவரிடம் தங்கிவிட்டால், குடியிருப்பவர் போகும்போது உங்களிடம்தான் கேட்பார்.

பணம் அனுப்பும் நாள்

முன்பணத்தை விற்பவரிடம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றும் வக்கீலின் டிரஸ்ட் கணக்கில் கட்டுங்கள். வட்டி உங்களுக்குச் சேரும்படி முதலீடு செய்ய எழுத்தில் சொன்னால்தான் செய்வார்கள். வங்கிக் கணக்கு எண் மின்னஞ்சலில் வரும். அந்த மின்னஞ்சலை யாரோ இடையில் மாற்றிப் பணத்தைத் திருடுவது இங்கே தொடர்ந்து நடக்கிறது. வக்கீல் அலுவலகமே பொறுப்பு என்று நினைக்காதீர்கள். 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படி 55 லட்சம் ராண்ட் இழந்த ஒரு வாங்குநரின் வழக்கில் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும் வழி அவரிடம் இருந்தது என்று சொல்லி வக்கீல் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்த்தது. மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், நீங்கள் தனியாகக் கண்டெடுத்த அலுவலக எண்ணுக்கு அழைத்துக் கணக்கு எண்ணை இலக்கம் இலக்கமாகச் சரிபாருங்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வந்தால் அது மோசடி என்றே எடுத்துக்கொண்டு பேசுங்கள்.

டிரான்ஸ்பர் டூட்டி இருந்தால் ஒப்பந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் கட்ட வேண்டும். தாண்டினால் ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி. நகராட்சிக் கிளியரன்ஸ் சான்று கடைசி இரண்டு ஆண்டுப் பாக்கியைத்தான் பார்க்கும். அதற்கு முந்தைய பழைய பாக்கியைப் புதிய உரிமையாளரிடம் நகராட்சி கேட்டால் கட்டாதீர்கள்: 2017 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம், அந்தப் பழைய கடன் பெயர் மாற்றத்துக்குப் பின் வீட்டைத் தொடராது என்று தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீல் மூலம் அதை எழுதி அனுப்பினால் போதும். எல்லாம் ஒழுங்காகப் போனால் பதிவு எட்டு முதல் பன்னிரண்டு வாரம்.

காப்பீட்டில் ஒன்று: கலவரச் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு ஏற்காது, அதற்கு சாஸ்ரியா என்ற தனிக் காப்பு. 2021 ஜூலைக் கலவரத்தில் இது இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இருந்த வித்தியாசத்தை டர்பன் கடைக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். மலைச் சரிவில் உள்ள வீடென்றால் மண் சரிவுக்கும் காப்பு உண்டா என்று பாலிசியைப் படியுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சரிந்தவை பெரும்பாலும் அப்படிப்பட்ட இடங்களே.

குடியிருக்க ஆள் வைப்பது

விண்ணப்பதாரரிடம் மூன்று மாத வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டுக்காரரின் எண், கடன் வரலாற்றைப் பார்க்க எழுத்துச் சம்மதம் ஆகியவை வாங்குங்கள். வாடகை மொத்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மறுத்துவிடுவது நல்லது. வெளிநாட்டவர் என்றால் விசா நகல் அவசியம். அனுமதி இல்லாதவருக்கு வீடு கொடுப்பது குடிவரவுச் சட்டப்படி நீங்கள் செய்யும் குற்றம். தெரிந்த குடும்பம், கோயிலில் பார்த்த முகம் என்று இதில் எதையும் விட்டுவிடாதீர்கள். தெரிந்தவரிடம் பாக்கி கேட்பதுதான் இன்னும் சங்கடம்.

டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட வேண்டும். அந்த வட்டி குடியிருப்பவருக்கே. சாவி கொடுக்கும் நாளில் இருவரும் சேர்ந்து அறை அறையாகப் பார்த்துப் பட்டியல் எழுதிக் கையெழுத்திடுங்கள், படமும் எடுங்கள். இந்தப் பார்வையைச் செய்யாவிட்டால், போகும்போது வீடு நல்ல நிலையில் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உடைந்த கதவுக்கு டெபாசிட்டில் பிடிக்க முடியாது. போகும்போதும் லீஸ் முடிவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஒரு கூட்டுப் பார்வை. பாக்கியோ சேதமோ இல்லை என்றால் ஏழு நாளில் திருப்ப வேண்டும். சேதம் இருந்தால் சரிசெய்து 14 நாளில் மீதியை, ரசீதுகளோடு.

லீஸ் ஓராண்டு என்று எழுதினாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் இடத்தில் தனிநபர் 20 வேலைநாள் நோட்டீஸில் போய்விடலாம். நியாயமான தண்டத்தொகை மட்டும் கேட்கலாம், மீதி மாத வாடகை முழுவதையும் கேட்க முடியாது.

வாடகை நின்றால்

முதல் மாதத்திலேயே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். இரக்கப்பட்டு மூன்று மாதம் பொறுப்பவர்கள்தான் பத்து மாதம் இழக்கிறார்கள். இங்கே வீட்டுக்காரர்கள் செய்யும் பெரிய தவறு பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை நிறுத்துவது, சாமானை வெளியே வைப்பது. அரசியல் சாசனத்தின் 26(3) பிரிவுப்படி நீதிமன்ற ஆணை இல்லாமல் எவரையும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டின் பை (PIE) சட்டத்தில் மீறுபவருக்கு அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ உண்டு. மின்சாரத்தை நிறுத்தினால் குடியிருப்பவர் அவசர வழக்குப் போட்டுச் சில நாளில் திரும்ப வாங்குவார், வழக்குச் செலவு உங்களுடையது. பாக்கி வைத்தவர் அவர், நீதிமன்றத்தில் குற்றவாளியாக நிற்பவர் நீங்கள் என்றாகிவிடும்.

முறையான வழி இது: பாக்கியைக் கட்ட 20 வேலைநாள் அவகாசம் தரும் நோட்டீஸ், கட்டாவிட்டால் லீஸை ரத்து செய்யும் கடிதம், காலி செய்யும் தேதியோடு. ரத்து செய்த பிறகுதான் அவர் சட்டவிரோதமாகக் குடியிருப்பவர் ஆகிறார். இந்தக் கடிதத்தை விட்டுவிட்டு நேரே வழக்குப் போட்டவர்கள் முதல் படிக்கே திரும்பியிருக்கிறார்கள். பிறகு நீதிமன்ற மனு. விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன் குடியிருப்பவருக்கும் நகராட்சிக்கும் தனி நோட்டீஸ் போக வேண்டும். நீதிபதி முதியவர், குழந்தைகள், ஊனமுற்றோர், பெண் தலைமைக் குடும்பம் இருப்பதைப் பார்த்துத் தேதி குறிப்பார். அந்தத் தேதியிலும் போகாவிட்டால் ஷெரிஃப் மட்டுமே வெளியேற்றலாம். எதிர்ப்பில்லாத வழக்கே மூன்று நான்கு மாதம் எடுக்கும், எதிர்த்தால் இன்னும் நீளும். கணக்கில் சொன்ன ஆறு மாத இருப்பு இதற்குத்தான்.

சிறு தகராறு என்றால் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் அது வெளியேற்ற ஆணை தராது.

வரியும் விற்பதும்

வாடகையைச் சம்பளத்தோடு சேர்த்து வரித்துறையான சார்ஸில் காட்ட வேண்டும். வட்டி, லெவி, ரேட்ஸ், காப்பீடு, பழுதுபார்ப்பு, ஏஜென்ட் கட்டணம் ஆகியவை கழிவு. உடைந்த ஓடுகளை மாற்றுவது பழுதுபார்ப்பு. புதிதாக ஓர் அறை கட்டுவது மேம்பாடு, அதை வாடகையிலிருந்து கழிக்க முடியாது. வாடகை, வட்டி போன்றவற்றின் வரிக்குரிய தொகை ஆண்டுக்கு 30,000 ராண்டைத் தாண்டினால் முன்வரி செலுத்துபவர் ஆவீர்கள்: ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் ஐஆர்பி6 படிவம்.

விற்கும்போது லாபத்தில் 40 விழுக்காடு வருமானத்தோடு சேரும். மிக உயர்ந்த படியில் இருப்பவருக்கு அது லாபத்தில் 18 விழுக்காடு வரி. வாங்கியபோதைய வக்கீல் கட்டணம், டூட்டி, மேம்பாட்டுச் செலவு எல்லாம் அடக்க விலையில் சேர்ந்து லாபத்தைக் குறைக்கும், பில் இருந்தால். பதினைந்து ஆண்டுக்கு முந்தைய சமையலறை பில்லைத் தேடி எடுப்பது கடினம், வெப்பத்தாளில் அச்சிட்டது என்றால் எழுத்தே மறைந்திருக்கும். வாங்கிய அன்றே படம் எடுத்து ஒரே கோப்பில் போடுங்கள். வெளிநாட்டுவாசியாகி விற்றால், விலை 20 லட்சம் ராண்டைத் தாண்டும் இடத்தில் வாங்குபவர் 7.5 விழுக்காட்டைப் பிடித்து சார்ஸுக்கு அனுப்புவார். வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் மீதியைத் திரும்பப் பெற முடியும்.

விற்பது என்று முடிவெடுத்த நாளே வங்கிக்கு 90 நாள் முன்னறிவிப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் பாண்டை முடித்தால் மூன்று மாதம் வரையிலான வட்டியைத் தண்டமாகப் பிடிப்பார்கள். ஆள் கிடைக்காமல் விற்பனை தள்ளிப்போனால் அந்த அறிவிப்பைப் புதுப்பிக்க வேண்டுமா என்று வங்கியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.